ஆய்வுகூடத்திலிருந்து மில் வாசலுக்கு: கிழக்கின் பல்கலைக்கழக ஆய்வைத் தொழிலாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெரும்போக அறுவடை நேரத்தில் கிழக்கிலங்கையின் சம்மாந்துறையில் ஏதாவது ஓர் அரிசி மில் வாசலில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். மெஷின் வெட்டித் தள்ளிய ஈர நெல் உழவு இயந்திரப் பெட்டியில் வந்து நிற்கும். வாங்குபவர் மூட்டைக்குள் கைவிட்டு நாலு நெல்லை எடுத்துப் பல்லில் கடிப்பார். 'டக்' என்று உடைந்தால் ஒரு விலை, நசிந்தால் இன்னொரு விலை. நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று எழுத்தில் இருக்கிறது. தனியார் வாசலில் அந்த எண்ணைத் தீர்மானிப்பது ஒருவருடைய கடைவாய்ப் பல்.

இதே சம்மாந்துறையில்தான் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. ஒலுவிலில் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும். மட்டக்களப்புப் பக்கம் வந்தால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய காலத்திலேயே அங்கே விவசாயம் படிப்பித்தார்கள். ஈரப்பதமானி, உலர்த்தி, தவிடு, உமிச்சாம்பல், எருமைத் தயிர், களப்பு இறால் என்று இவற்றில் எதைப் பற்றியும் ஆய்வு செய்யக்கூடிய ஆட்கள் இரு இடத்திலும் உண்டு. அந்த ஆய்வை மில் வாசல் வரை தூக்கிக்கொண்டு வருவதை மட்டும் யாரும் தன் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வழிகாட்டி விரிவுரையாளர்களுக்கும், இறுதியாண்டு மாணவர்களுக்கும், பல்கலைக்கழக வணிக இணைப்புப் பிரிவுகளில் (வழக்கில் 'யு.பி.எல்') இருப்பவர்களுக்கும் எழுதப்பட்டது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டன்ட் (கண்டுபிடிப்புக் காப்புரிமை) எண்ணிக்கையையும் புரிந்துணர்வு உடன்படிக்கைகளையும் கூட்டுவதால் எதுவும் நகராது. தன் சொந்தக் காசைக் கொடுத்து வாங்கும் முதல் ஆளை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் மற்ற எல்லாம் தொங்குகிறது.

1. அலுமாரியைத் திறந்து தொடங்காதீர்கள்

வழமையாக நடப்பது இதுதான். பழைய ஆய்வறிக்கைகளை எல்லாம் திரட்டி, "வணிகமயமாக்கக்கூடியவை" என்று ஒரு பட்டியல் போட்டு, ஒரு கண்காட்சி வைத்து, பிரதம விருந்தினரை அழைத்து, படம் எடுத்து முடிப்பது. கண்காட்சிக்கு மில்காரர் வரமாட்டார். அறுவடை நேரத்தில் அவருக்கு நித்திரைக்கே நேரமில்லை.

தலைகீழாகச் செய்யுங்கள். ஒரே ஒரு தொழிலைத் தெரிவு செய்து, அந்தத் தொழிலில் காசு வைத்திருப்பவர்களிடம் போங்கள். நெல் என்றால் மில் முதலாளிகள், நெல் வாங்கும் வியாபாரிகள், வெட்டு மெஷின் வாடகைக்கு விடுபவர்கள், பெரிய போடியார்மார் (வயல் நிறைய வைத்திருப்பவர்கள்). ஒரு இருபது பேருடனாவது கதைக்காமல் எந்தக் கருவிக்கும் வரைபடம் போடாதீர்கள்.

என்ன கேட்பது என்பது முக்கியம். "இப்படி ஒரு கருவி செய்தால் வாங்குவீங்களா?" என்று கேட்டால் நம் ஊரில் ஒரே பதில்தான் வரும்: "ஓம் சேர், நல்ல விஷயம், செய்யுங்க." விரிவுரையாளர் முகத்துக்கு நேரே யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அந்த 'ஓம்' மரியாதைக்குச் சொன்னது, அதை வைத்துக்கொண்டு கடன் எடுக்க முடியாது. நடந்து முடிந்ததைக் கேளுங்கள். போன போகத்தில் ஈர நெல்லால் எவ்வளவு நட்டம்? கடைசியாக என்ன மெஷின் வாங்கினீர்கள், என்ன விலை, யார் சொல்லி வாங்கினீர்கள்? அது பழுதானால் திருத்த யார் வருவது, எத்தனை நாளில்?

கடைசிக் கேள்வியைத் தவறவிட வேண்டாம். இங்குள்ள பல மில்காரர் ஒரு மெஷினை வாங்கும்போது அதன் திறனைவிட, கொழும்பிலிருந்து திருத்துபவர் வரும்வரை மில் பூட்டிக் கிடக்குமே என்ற பயத்தைத்தான் முதலில் கணக்கில் எடுக்கிறார்கள். "பழுதானால் பின்னேரத்துக்குள் ஆள் வரும்" என்று ஒலுவிலில் இருந்து சொல்ல முடிந்தால், இறக்குமதிச் சரக்கிடம் இல்லாத ஒன்று உங்கள் கையில் இருக்கிறது.

இன்னொன்று. முதலாளியின் அலுவலக அறையோடு நின்றுவிடாதீர்கள். ஒரு மாணவன் தனியாகப் போய், கொதிகலன் பக்கத்தில் நிற்பவரிடம் "காக்கா (அண்ணன்), இந்தத் தவிட்டை எங்க கொண்டு போறீங்க?" என்று கேட்டால், விரிவுரையாளருக்குக் கிடைக்காத தகவல் எல்லாம் வரும்.

தவிடு நல்ல உதாரணம். மில்லில் இருந்து வெளியே வந்த உடனே தவிட்டிலுள்ள நொதியம் எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். அதனால் பச்சையரிசித் தவிடு சீக்கிரம் காறிப்போகும். நெல்லை அவிக்கும்போது அந்த நொதியம் பெருமளவு செயலிழக்கிறது. எண்ணெயின் அளவும் கூடுதல்: பச்சையரிசித் தவிட்டில் ஏறத்தாழ 12 முதல் 18 சதவீதம், புழுங்கல் தவிட்டில் 20க்கும் மேல். நெல் அவிக்கும் மில்கள் நிறைந்த மாவட்டத்துக்கு இது நல்ல செய்தி. உடனே "தவிட்டெண்ணெய்த் தொழிற்சாலை" என்று முன்மொழிவு எழுதத் தோன்றும். பொறுங்கள். தவிட்டிலிருந்து எண்ணெயை இலாபமாக எடுக்க ஹெக்சேன் போன்ற கரைப்பான் வேண்டும், தீ விபத்துக் காப்பு வேண்டும், நாள்தோறும் பெருந்தொகைத் தவிடு வேண்டும். ஒரு தனி மில்லால் தாங்க முடியாது. மில்காரர் இன்று தவிட்டை விற்பது மாட்டுத்தீனுக்கும் கோழித்தீனுக்கும். காறிப்போகாமல் சில வாரம் கூட வைத்திருக்கும் ஒரு சிறு சூடேற்றி என்றால் அவர் காதுகொடுத்துக் கேட்பார். அறிக்கை எழுத எண்ணெய் வசதியாக இருக்கலாம். காசு தீனில் இருக்கிறது. தீனில் தொடங்குங்கள்.

நெல் மட்டும்தான் என்றில்லை. மருதமுனைக் கைத்தறிக்காரருக்குச் சாயம் கழன்று போகாமல் இருக்க வேண்டும், சாயத் தண்ணீரை எங்கே விடுவது என்ற தலையிடியும் உண்டு. எருமைத் தயிர்க்காரருக்குச் சட்டி உடையாமல் கொழும்பு போய்ச் சேர வேண்டும். கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்து மாணவர் வரையும் ஒரு நெசவுக் கோலமும் தொழிலாகக்கூடிய ஆக்கம்தான். அது ஏனோ இந்தக் கூட்டங்களில் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு தொழில் போதும். ஐந்து துறைகளில் ஐந்து செயற்றிட்டம் தொடங்கினால் ஐந்து திறப்பு விழா நடக்கும், அவ்வளவுதான்.

2. ஆய்வு மாநாட்டில் பேசுவதற்கு முன்

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். 1973 நவம்பரில் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பொயரும் மரபணுக்களை வெட்டி ஒட்டும் முறையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். பேட்டன்ட் எடுக்கும் எண்ணம் அவர்களுக்கு இருக்கவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப உரிம அலுவலகத்தைத் தொடங்கிய நீல்ஸ் ரைமர்ஸ் 1974இல் ஒரு பத்திரிகைச் செய்தி மூலம் இதை அறிந்து கோஹனைத் தேடிப் போனார். கோஹன் முதலில் விரும்பவில்லை. பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து, 1974 நவம்பர் 4ஆம் திகதி விண்ணப்பம் போட்டார்கள். கட்டுரை வெளிவந்து ஒரு வருடம் முடிய ஒரு வாரம்தான் மிச்சம். அமெரிக்கச் சட்டம் அந்த ஒரு வருடத்தை அனுமதித்ததால் தப்பினார்கள். மற்ற நாடுகளில் உரிமை போய்விட்டது. அப்படியிருந்தும் அந்தப் பேட்டன்ட் காலாவதியாகும்வரை நானூறுக்கும் மேற்பட்ட கம்பனிகளிடமிருந்து சுமார் 255 மில்லியன் டொலர் வந்தது.

இந்தக் கதையில் நமக்குரிய பகுதி பணம் அல்ல. அலுவலகத்தில் இருந்த ஒருவர் பத்திரிகை வாசித்தார், எழுந்து ஆய்வுகூடத்துக்குப் போனார் என்பதுதான்.

இலங்கையிலும் அந்த ஒரு வருடம் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால், அந்த வெளியீட்டிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் புதுமை கெட்டதாகக் கொள்ளப்படாது. ஐரோப்பாவில் இந்தச் சலுகை கிடைக்காது. ஆகவே வெளிநாட்டுச் சந்தை நினைப்பு இருந்தால் வாய் திறப்பதற்கு முன்பே விண்ணப்பம் போட வேண்டும். வெளியீடு என்பது ஆய்விதழ் மட்டுமல்ல. மாநாட்டுச் சுருக்க நூல், சுவரொட்டி, கண்காட்சியில் எடுத்த ஃபேஸ்புக் நேரலை எல்லாமே சேரும். நம் பல்கலைக்கழகங்களின் ஆண்டு ஆய்வு மாநாடுகளில் சுருக்கம் அனுப்புவதற்கு முன் யு.பி.எல்லில் ஒரு பக்கப் படிவம் கட்டாயம் என்று வைத்தாலே பாதி வேலை முடியும். படிவத்தில் நாலு கேள்வி போதும்: என்ன செய்தீர்கள், இதில் எது புதிது, யார் யார் வேலை செய்தார்கள், யாருடைய காசு. பத்து நாளில் அலுவலகம் பதில் சொல்லாவிட்டால் ஆய்வாளர் தன்பாட்டில் வெளியிடலாம் என்றும் அதே படிவத்தில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் படிவம் இன்னொரு மேசையில் தூங்கும்.

அப்புறம் உரித்து, அதாவது கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதப்படாவிட்டால், வேலைக்கமர்த்திய நிறுவனத்துக்காகச் செய்த வேலையில் பிறந்த கண்டுபிடிப்பு அந்த நிறுவனத்துக்கே சேரும் என்கிறது சட்டத்தின் 69ஆம் பிரிவு. விரிவுரையாளருக்கு இது பொருந்தும். இறுதியாண்டு மாணவர் ஊழியர் அல்லர், அவருக்குப் பொருந்தாது. அங்கேதான் சிக்கல். மாணவர் செய்த கருவி, விரிவுரையாளரின் யோசனை, பீடத்தின் ஆய்வுகூடம், மில்காரர் தந்த இரும்பு. எல்லாம் நன்றாக இருக்கும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். விற்கத் தொடங்கியதும் எல்லாரும் கேட்பார்கள். செயற்றிட்டம் தொடங்கும் கிழமையிலேயே ஒரு தாளில் பங்குகளை எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள். மாணவரின் பங்கை விரிவுரையாளர் நிர்ணயிக்கக்கூடாது; பீடத்துக்கு வெளியே உள்ள ஒருவர் இருக்கும் இடத்தில் அது பேசப்பட வேண்டும்.

3. எல்லாவற்றுக்கும் பேட்டன்ட் தேவையில்லை

புதிய நெல்லினத்துக்கு இங்கே பேட்டன்ட் கிடையாது. தாவரங்கள், விலங்குகள், அவற்றை உருவாக்கும் அடிப்படையில் உயிரியல் சார்ந்த முறைகள் விலக்கப்பட்டுள்ளன. சிகிச்சை முறைகளும் வணிகத் திட்டங்களும் அப்படியே. மென்பொருள் எழுதினால் அதன் நிரலுக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டு. நெசவுக் கோலம், கருவியின் தோற்றம் போன்றவற்றுக்குக் கைத்தொழில் வடிவமைப்புப் பதிவு பொருத்தம்: ஐந்து வருடம், இரண்டு முறை நீட்டினால் பதினைந்து. உணவுப் பொருளில் பெரும்பாலும் செய்முறையை இரகசியமாக வைத்துக்கொண்டு பெயரை வணிகக்குறியாகப் பதிவதே புத்தி.

பேட்டன்ட் 20 வருடம் நிற்கும். ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டவேண்டும், இலங்கைப் பேட்டன்ட் இலங்கைக்குள் மட்டும்தான் செல்லும். வெளிநாட்டில் வேண்டுமென்றால் முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். என் கணிப்பில் நம் பகுதி ஆய்வுகளில் பெரும்பான்மைக்கு இலங்கை விண்ணப்பம் ஒன்றே போதும். வெளிநாட்டுக்குப் போக ஒரு வாங்குநர் கேட்டால் அவரையே செலவைப் பொறுக்கச் சொல்லலாம்.

4. போகக் கணக்கும் பரீட்சைக் கணக்கும்

செயற்றிட்டங்கள் மடிவது அதிகமும் இந்தக் கட்டத்தில்தான். ஆய்வுகூடத்தில் வேலை செய்த கருவி மில்லில் வேலை செய்யாது, ஏன் என்று கண்டுபிடிக்கும்போது போகம் முடிந்திருக்கும்.

ஈரப்பதமானியையே எடுத்துக்கொள்வோம். மலிவான கருவிகள் மின்கொள்ளளவை (மின்னேற்றத்தைத் தேக்கும் திறனை) அளந்து ஈரத்தைக் கணிக்கும். நீரின் மின்கடத்தாப் பண்பு எண் சுமார் 80, உலர்ந்த தானியத்துடையது ஒற்றை இலக்கத்தில். அந்த வித்தியாசத்தில்தான் அளவீடு நடக்கிறது. கோட்பாடு எளிது. ஆய்வுகூடத்தில் ஒரே இனத்து நெல்லைக் கொண்டு வந்து, அடுப்பில் உலர்த்தி நிறை பார்த்த அளவோடு ஒப்பிட்டு, அழகான கோடு வரைந்துவிடலாம். மில் வாசலில் கதை வேறு. சம்பா, நாடு என்ற இரண்டு நெல்வகையும் மணியின் பருமனில் வேறுபடும், ஒரே கிண்ணத்தில் வேறு மாதிரி அடங்கும், எண் மாறும். காலையில் பனியில் நனைந்து வந்த நெல்லுக்கு வெளியே ஈரம், உள்ளே ஈரம் குறைவு. கருவி கூட்டிக் காட்டும். மத்தியானம் வெயிலில் நின்ற பெட்டியில் நெல் சூடாக இருக்கும். வெப்பத் திருத்தம் இல்லாவிட்டால் அப்போதும் பிழை. தூசு உள்ளே போகும். யாராவது கீழே போடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், விவசாயியின் எண்ணும் வாங்குபவரின் எண்ணும் ஒன்றாக இருந்தால் விலை பேசும் பலம் ஒருவரிடமிருந்து நழுவும்; அந்த ஒருவர் கருவியை விரும்பமாட்டார். யாருக்கு விற்கிறோம் என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டியது இதற்காகத்தான். வாங்குபவர் மறுத்தால் விவசாயிகள் அமைப்புக்கு விற்கலாம்.

இப்போது நாட்காட்டியைப் பாருங்கள். பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச் சுற்றி. சிறுபோக அறுவடை ஓகஸ்ட், செப்டம்பர் சுற்றி. வருடத்துக்கு இரண்டு வாய்ப்புத்தான். பல்கலைக்கழகத் தவணையும் பரீட்சையும் இந்தப் போகங்களைப் பார்த்து வருவதில்லை. செயற்றிட்டத்துக்கு உணரி வாங்க மூன்று கூறுவிலை எடுத்து, குழு கூடி, நிதியாளர் கையொப்பமிட்டு முடியும்போது கடைசி வயலும் வெட்டியாகிவிடும். இதற்குச் செய்யக்கூடியவை சில. பொருட்கொள்வனவை அறுவடைக்கு நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். சிறிய தொகைக்கு யு.பி.எல்லுக்குச் சில்லறைக் காசு அதிகாரம் கேட்டுப் பல்கலைக்கழகப் பேரவையில் ஒரு முறை அனுமதி எடுத்துவிடுங்கள். பெரிய இரும்பு வேலையை மில்காரரே தன் செலவில் அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ ஒரு ஒட்டுப்பட்டறையில் செய்விக்கட்டும். பதிலாக முதல் கருவி அவருக்கு. காசு போட்டவர் கருவியை மூலையில் போடமாட்டார்.

பரிசோதனையைச் சோடியாகச் செய்யுங்கள். ஒரே பெட்டி நெல்லை வாங்குபவர் கடிக்கட்டும், உங்கள் கருவி அளக்கட்டும், மாதிரி பல்கலைக்கழக அடுப்புக்குப் போகட்டும். மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அனுபவமுள்ள பல் பல வேளை வியக்கத்தக்க அளவு சரியாக இருக்கும். அதை மறைக்க வேண்டாம். அந்த மனிதர் இல்லாத நேரத்திலும் இரவிலும் வேலை நடக்கும் என்பதுதான் கருவியின் விற்பனைக் காரணம்.

நெல் அவிக்கும் மில்லோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நனைத்த தண்ணீரின் நாற்றம் ஊர்ப்பிரச்சினை. சூழல் பாதுகாப்பு உரிமத்தைப் புதுப்பிக்கும்போது மில்காரர் அந்தத் தண்ணீரைப் பற்றிப் பதில் சொல்லியாக வேண்டும். குளிர்ந்த நீரில் நாட்கணக்கில் ஊறவைப்பதை 60, 70 பாகை வெந்நீரில் சில மணித்தியாலமாகச் சுருக்கினால் புளிப்பும் நாற்றமும் வெகுவாகக் குறையும். இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல, பேட்டன்ட் கிடைக்காது. ஆனால் அதை ஒரு குறிப்பிட்ட மில்லின் கொதிகலனுக்கும் தொட்டிக்கும் பொருத்திக் கொடுப்பது காசு கொடுத்து வாங்கப்படும் சேவை. ஆய்வு தொழிலாவதில் இந்த வகைதான் இங்கே சீக்கிரம் கைகூடும். இதைத் தாழ்வாகப் பார்க்காதீர்கள்.

5. சேவையா, உரிமமா, கம்பனியா

இந்த மூன்றில் எதைத் தொடங்குவது என்று கேட்டால், பெரும்பாலும் அதே வரிசைதான். முதலில் ஆலோசனைச் சேவையாக ஒரு மில்லுக்கு. பிறகு கருவி செய்யும் பட்டறைக்கு உரிமம். கம்பனி கடைசி, முழு நேரமும் அதற்குக் கொடுக்க ஒரு ஆள் கிடைத்தால் மட்டும்.

உரிம உடன்படிக்கையில் சட்டத்தரணி பார்க்க வேண்டியவை பல. நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று. தனியுரிமை (வேறு யாருக்கும் கொடுக்காத உரிமம்) கேட்டால் எல்லைபோட்டுக் கொடுங்கள்: இந்தப் பயிருக்கு, இத்தனை வருடத்துக்கு. குறித்த காலத்துக்குள் விற்பனை தொடங்காவிட்டால் உரிமம் திரும்பி வரும் என்று எழுதுங்கள். பல்கலைக்கழகம் ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் பயன்படுத்தும் உரிமையை வைத்துக்கொள்ளட்டும்.

விலையில் பேராசை வேண்டாம். ஒரு கணக்குப் போடுவோம். ஈரப்பதமானி ஒன்று 25,000 ரூபா, உரிமத்தொகை 4 சதவீதம் என்று வைத்தால் கருவிக்கு 1,000 ரூபா. 300 கருவி விற்றால் 3 இலட்சம். ஸ்டான்ஃபோர்டில் அலுவலகச் செலவுக்கு 15 சதவீதம் கழித்து, மிச்சத்தைக் கண்டுபிடித்தவர், துறை, பீடம் என்று மூன்றாகப் பிரிப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அதே முறையில் இங்கே ஒவ்வொருவருக்கும் 85,000 ரூபா. இதை வைத்துப் பல்கலைக்கழகம் கட்டடம் கட்ட முடியாது. அமெரிக்காவிலேயே பல பல்கலைக்கழகங்களின் உரிம அலுவலகங்கள் தங்கள் செலவை மீட்பதில்லை. கோஹன்–பொயர் பேட்டன்டுக்கு ஸ்டான்ஃபோர்ட் வைத்த நுழைவுக் கட்டணம்கூட 10,000 டொலர்தான். தனியுரிமை கொடுக்காமல் கேட்ட எல்லோருக்கும் கொடுத்தார்கள். மலிவாக வைத்ததால்தான் சண்டையில்லாமல் எல்லோரும் கட்டினார்கள்.

கம்பனி என்றால் பங்கு பற்றிய கேள்வி வரும். பிரித்தானியாவில் 2023இல் வெளியான சுயாதீன மீளாய்வு, உயிரியல் சார்ந்த கம்பனிகளில் பல்கலைக்கழகப் பங்கு 10 முதல் 25 சதவீதம், மென்பொருள் போன்றவற்றில் 10 அல்லது அதற்கும் குறைவு போதும் என்று பரிந்துரைத்தது. பாதிப் பங்கு கேட்கும் பல்கலைக்கழகம் ஒன்றுமில்லாததில் பாதியைத்தான் பெறும். அடுத்த முதலீட்டாளர் அந்தப் பங்குப் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

கம்பனியை நடத்துவது யார்? பேராசிரியர் வேண்டாம் என்பேன். அவருக்குக் கற்பித்தலும் ஆய்வும் உண்டு, தோற்றால் திரும்பிப் போக ஒரு நாற்காலியும் உண்டு. பட்டம் முடித்து அரச நியமனத்துக்காகக் காத்திருக்கும் அந்த மாணவரைப் பாருங்கள். அவருக்கு ஒரு வருடத்துக்கு மாதப்படி கொடுக்க முடிந்தால் இந்த வழிகாட்டியில் உள்ள வேறெந்தச் செலவையும்விட அது பலன் தரும். நியமனக் கடிதம் வந்தால் போய்விடுவாரே என்று கேட்பீர்கள். போவார். வீட்டில் அம்மாவும் அப்பாவும் போகச் சொல்வார்கள். ஆகவே இருவராகத் தொடங்குங்கள், எல்லாவற்றையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

பதிவு வேலை கடினமில்லை. தனியாள் அல்லது பங்குடைமை என்றால் வணிகப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகம். வெளிமுதலீடு வரும் என்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனி. ஒரு பங்குதாரரோடும் தொடங்கலாம். உணவுப் பொருளாயின் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ), சுட்டுத்துண்டு (லேபல்) விதிகள் என்று ஒரு வரிசை உண்டு. பி.எச்.ஐ.யைக் கடைசியில் அழைக்காதீர்கள். இடத்துக்கு வரைபடம் போடும்போதே அழைத்தால் சுவரை இரண்டு முறை இடிக்க வேண்டியிராது. எஸ்.எல்.எஸ் (இலங்கைத் தரச்சான்று) இலச்சினை பெரிய கடைகளுக்குப் போகும்போது தேவைப்படும், முதல் நாளே அல்ல.

விரிவுரையாளர் பங்குதாரராக இருந்தால் அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். தன் கம்பனிக்காகத் தன் மாணவரின் செயற்றிட்டத்தைத் திருப்பக்கூடாது, தன் துறையின் கொள்வனவுக் குழுவிலும் அமரக்கூடாது. ஊர் சிறியது. எல்லோருக்கும் எல்லோரும் உறவு. அதனால் இந்த விதியை எழுதாமல் விட்டால் நல்ல கருவியும் கெட்ட பெயரோடு போகும்.

6. அலுவலகத்தைச் சரிசெய்வது

2017இல் உலக வங்கியின் 100 மில்லியன் டொலர் கடனுதவியோடு தொடங்கிய உயர்கல்வி விரிவாக்கத் திட்டம் யு.பி.எல் பிரிவுகளுக்கு உந்துதல் கொடுத்தது. திட்டப் பணம் இருக்கும்வரை பயிற்சிப்பட்டறை நடக்கும். பணம் முடிந்த பிறகு எஞ்சுவது ஒரு அறையும், தன் சொந்த வேலைக்கு மேலதிகமாக அதைப் பார்க்கும் ஒரு விரிவுரையாளரும்.

அந்த அறைக்கு முழுநேர ஆள் ஒருவர் வேண்டும். கலாநிதிப் பட்டம் தேவையில்லை. விற்பனையிலோ தொழிற்சாலையிலோ சில வருடம் இருந்தவராக, மோட்டார் சைக்கிள் ஓடக்கூடியவராக, தமிழும் சிங்களமும் கதைக்கக்கூடியவராக இருந்தால் நல்லது. அம்பாறை நகரப் பக்கத்து மில்காரரிடமும் போக வேண்டும் அல்லவா. கிழமையில் மூன்று நாள் அவர் நாற்காலியில் இருந்தால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். ஒரு தொகை வரை அவரே கையெழுத்திட அதிகாரம் கொடுங்கள். அதற்கு மேல் போனால் முப்பது நாளுக்குள் பதில் என்ற விதியைப் பேரவை தனக்கே போட்டுக்கொள்ள வேண்டும்.

எதை எண்ணுகிறோம் என்பதையும் மாற்றுங்கள். ஆண்டறிக்கையில் புரிந்துணர்வு உடன்படிக்கைகளின் எண்ணிக்கை வேண்டாம். வெளியாரிடமிருந்து வந்த காசு எவ்வளவு, இரண்டாவது முறை திரும்பி வந்த வாடிக்கையாளர் எத்தனை, உரிமம் கேட்டவருக்குப் பதில் சொல்ல எத்தனை நாள் எடுத்தது. இந்த மூன்றும் போதும். மூன்றாவது எண்ணை வெளியிட உபவேந்தருக்குத் துணிச்சல் வேண்டும்.

சென்னை ஐஐடி 2010இல் திறந்த ஆய்வுப் பூங்காவில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அங்கே இடம் எடுக்கும் கம்பனி, மாணவருக்குப் பயிற்சி கொடுப்பது, பேராசிரியர்களோடு கூட்டு ஆய்வு செய்வது போன்றவற்றால் குறிப்பிட்ட புள்ளிகளை ஈட்ட வேண்டும். வாடகை மட்டும் கட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. நமக்குப் பூங்கா கட்ட வசதியில்லை, ஆனால் அந்த விதியைக் கடன் வாங்கலாம்: பல்கலைக்கழக ஆய்வுகூடத்தைக் குறைந்த கட்டணத்தில் பாவிக்கும் மில்லோ உணவு உற்பத்தியாளரோ வருடத்துக்கு இரண்டு மாணவரைத் தன் தளத்தில் வைத்திருக்க வேண்டும்.

வந்தாறுமூலையும் ஒலுவிலும் தனித்தனியாக அலுவலகம் நடத்துவதும் எனக்கு விளங்காத ஒன்று. இரண்டுக்கும் இடையில், கல்முனையில் ஒரு பொதுக் கருமபீடம் இருந்தால் மில்காரருக்கு எந்தப் பல்கலைக்கழகம் என்ற கவலை இருக்காது. விவசாயக் கேள்வியை வடக்கே அனுப்பலாம், இயந்திரக் கேள்வியைத் தெற்கே அனுப்பலாம்.

7. நிறுத்த வேண்டிய இடம்

இரண்டு போகம் பரிசோதித்தும், தன் காசில் வாங்க ஒருவர்கூட முன்வராவிட்டால் நிறுத்துங்கள். புதுப்பிப்புக் கட்டணத்தைக் கட்டிக்கொண்டே இருப்பதில் பெருமை இல்லை. உரிமம் எடுத்தவர் செய்யாமல் வைத்திருந்தால் திரும்பப் பெறும் விதியைப் பயன்படுத்தி, முதலில் மாணவருக்கே கேட்டுக் கொடுங்கள். அவருக்கும் வேண்டாமென்றால் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். ஏதோ ஒரு பட்டறைக்காரர் எடுத்துச் செய்யட்டும்.

நிறுத்தும்போது இரண்டு பக்கம் எழுதுங்கள். யாரிடம் போனோம், என்ன விலை சொன்னோம், ஏன் வேண்டாம் என்றார்கள், எந்த நெல்லில் எண் பிழைத்தது. அதை உயர்தர ஆய்விதழ் எதுவும் ஏற்காது. துறை அலுவலகத்தில், அடுத்த தொகுதி மாணவர் செயற்றிட்டத் தலைப்புத் தேட வரும் அதே கோப்பில் முதல் தாளாக வையுங்கள்.